சாப்பாட்டுச் சேதி

எனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த மறுநாளே என் போனுக்கும் சீக்கு வந்துவிட்டது. பொழுது விடிந்தால் அடிக்கும், பொழுது சாய்ந்தாலும் அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கம் அழுகை. நோய்க்காரி நான், ஆறுதல் சொல்வதும் நான்தான். அழுது முடித்தவர்கள் வைத்தியம் சொல்வார்கள். ஒருத்தி சீத்தாப்பழ இலை என்பாள், இன்னொருத்தி பூண்டு என்பாள். தூரத்துச் சொந்தம் ஒருவர், "எங்க பெரியம்மாவுக்கும் இதேதானுங்க, கடைசில…" என்று ஆரம்பித்துவிட்டு, நான் உயிரோடு கேட்டுக்கொண்டிருப்பது நினைவு வந்ததும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திரும்பக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தேன்.

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பஜ்ஜிக் கடை. முதல் கீமோ ஏற்றிய பிறகு எண்ணெய் வாடை பட்டாலே எனக்குக் குடலைப் பிடுங்கியது. கடைக்குப் பின்னால்தான் வீடு, எங்கே ஓடுவது? என் வீட்டுக்காரரின் அக்கா நாகலூரிலிருந்து வந்தார். எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். காப்பி எஸ்டேட்டில் வேலை. கடைக்குள் நுழைந்தவர் என்னைப் பார்த்தார், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். "துணிமணி எடு கண்ணு, நம்மூட்டுக்குப் போலாம்" என்றார். அவ்வளவுதான். அழவும் இல்லை, வைத்தியம் சொல்லவும் இல்லை. அதற்கே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

நாகலூர் போன முதல் நாளே என் போனைப் பிடுங்கி அரிசி டப்பா மேல் வைத்தார். "கேக்கறவிய எல்லாம் எங்கிட்டக் கேக்கட்டும். ஒரு தரம் சொல்லுவேன், எல்லாரும் கேட்டுக்கட்டும்." என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களுக்கென்று ஒரு குரூப் போட்டு நங்கையாவின் போனில் கொடுத்தார். அவருக்கு எழுதத் தெரியாது, பேசி அனுப்பத் தெரியும். தினமும் சாயங்காலம் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து, கை கால் கழுவி, வாசலில் நின்று பேசுவார். ரத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் என்ன சாப்பிட்டேன் என்பதுதான் சேதி. "இன்னிக்கு கண்ணு ரெண்டு இட்லி தின்னுச்சுங்க. மத்தியானம் மோருஞ்சோறு. தூங்குச்சு. நாளைக்குப் பாப்போம்."

கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கன்றுக்குட்டிக்குத் தீனி வைத்த கணக்கு மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். "தீனி எடுக்கறது பொழைச்சுக்கும், அது போதும் அவியளுக்கு" என்றார். உண்மையாகவே போதுமாக இருந்தது. அழுகைப் போன்கள் நின்றன. இட்லி தின்றவளை நினைத்து எப்படி அழுவது?

ஒரு சாயங்காலம் விபரீதம் நடந்தது. எஸ்டேட் வேலைக்காரர்களுக்கும் ஒரு குரூப் உண்டு. மறுநாள் எந்தக் காப்பிக் காட்டில் பறிப்பு என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தினமும் அதில் பேசி அனுப்புவார். நங்கையா அதைக் கேட்டுவிட்டு, குரூப்பை மாற்றாமல் அதே இடத்திலேயே அமுக்கிப் பேசிவிட்டார். "இன்னிக்கு கண்ணுக்கு முடி கொத்துக் கொத்தாக் கொட்டிப் போச்சுங்க. மொட்டை அடிச்சுட்டோம். அழுகலீங்க. ரெண்டு தோசை தின்னுச்சு, வெங்காயச் சட்னி கேட்டு வாங்கித் தின்னுச்சு."

மொத்த எஸ்டேட்டும் கேட்டுவிட்டது. நான் போட்ட கூச்சலில் கூரை பறந்திருக்க வேண்டும். மானம் போச்சு, நாளைக்கு எந்த மூஞ்சியோடு வாசலில் நிற்பது என்று கத்தினேன். அந்தச் சமயம் ரைட்டரின் பதில் வந்தது. மேல் காட்டில் பறிப்பு என்று சொன்ன அதே குரலில், "சரிங்க, தெரிஞ்சுக்கிட்டோமுங்க" என்றார். என் கோபம் பாதியில் அறுந்துபோனது.

மறுநாள் நங்கையா ஜாக்கிரதையாகச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் அனுப்பினார். அதற்கு அடுத்த நாள் பறிப்பில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்களாம். "ஏனுங்கக்கா, நேத்து உங்கூட்டுச் சேதி வரலீங்களே?" அன்றிலிருந்து இரண்டு குரூப்புக்கும் போனது. வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருப்பேன். வேலைக்குப் போகிற பெண்கள் என் மொட்டையைப் பார்த்து உச்சுக் கொட்ட மாட்டார்கள். "நேத்து ஊத்தப்பமாமே?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஒருத்தி கீரை பிடுங்கி வந்து போட்டாள். "இதைத் தின்னுட்டு நாளைக்குச் சேதில சொல்லச் சொல்லுங்க" என்றாள். எனக்கு நொம்பப் பெருமையாகிவிட்டது. விளம்பரக்காரி மாதிரி நடந்துகொண்டேன்.

ஆனால் நான் மெச்சுவது வேறு ஒன்றை. நங்கையா ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்த நாள்களும் இருந்தன. "இன்னிக்கு ஒண்ணும் தங்கலீங்க. தண்ணி மட்டுந்தான். நாளைக்குப் பாப்போம்" என்பார். நாளெல்லாம் இடுப்பில் கூடை கட்டி, சரிவில் நின்று பறித்துவிட்டு வந்து, என் வாந்தியை அள்ளிக் கொட்டிவிட்டு, குரல் கொஞ்சமும் நடுங்காமல் அதைச் சொல்வார். சேலத்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளில் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்வாரே, அந்தக் கைகளுக்கும் அதே நிதானம்தான். அப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாலாவது கீமோவுக்குப் பிறகு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே உயிர் போனது. இன்னும் பாக்கி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வியாழக்கிழமை போக வேண்டும். போவதில்லை என்று முடிவு செய்தேன். வந்தது வரட்டும், இந்த வதை போதும். அன்று சாயங்காலம் நங்கையா போனை எடுத்தபோது, "நான் இனிமே ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு சொல்லிடுங்க" என்றேன்.

திட்டுவார், கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். "அது எஞ் சேதி இல்ல கண்ணு, உஞ் சேதி. நீயே சொல்லு" என்று போனை என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

எனக்கு ஆங்காரம் வந்தது. சொல்ல மாட்டேன் என்று நினைத்தாரா? புண் வாயோடு பேசினேன். "நாந்தானுங்க பேசறேன். இனிமே கீமோவுக்குப் போகலீங்க. முடியலீங்க. யாரும் எதுவும் சொல்லாதீங்க." இரண்டு குரூப்புக்கும் அனுப்பினேன். பிறகு அந்தப் போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்த குரல் வெள்ளக்கடையில் இருக்கும் என் ஓரகத்தியுடையது. ஒரு கல்யாணப் பந்தியில் சண்டை போட்டு, வருஷக்கணக்காக என்னோடு பேசாதவள். "அதெல்லாம் சரி, இன்னிக்கு என்ன தின்னே? அதைச் சொல்லவே இல்லையே" என்றாள். அடுத்தது ரைட்டர். வேலையைத் தவிர வேறு பேசாத மனுஷர். "அம்மிணி, சாப்பாட்டுச் சேதி வரலீங்களே." அப்புறம் கீரை கொடுத்தவள், அவள் கூடப் பறிக்கிறவள், என் சித்தப்பா. போ என்று ஒருத்தரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று மட்டும்தான் கேட்டார்கள். சாகட்டும் என்று விட்டுவிட்டவளிடம் யாராவது சாப்பாட்டைக் கேட்பார்களா? இவர்கள் நாளைக்கும் கேட்பார்கள், அதற்கு மறுநாளும் கேட்பார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

நங்கையா ஆறிய கஞ்சியை டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு வாய்க்கும் புண் எரிந்தது. கண்ணீரும் மூக்குமாகக் குடித்தேன். பிறகு போனை எடுத்து, "ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சனுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

நங்கையா டம்ளரை எட்டிப் பார்த்தார். "பாதி கெடக்குது. பொய் சொல்லாத. அழிச்சுட்டு மறுபடி சொல்லு."

அந்த எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழித்தேன். மறுபடி சொன்னேன்.

"அரை டம்ளர் கஞ்சி குடிச்சனுங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க."

அதன் பிறகுதான் நங்கையா தன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.