செகொண்டி லாரி மைதானத்தில் எடுத்த பத்துப் படங்கள்

நம்பினால் நம்புங்கள். என் இடது மணிக்கட்டு இன்றும் சரியாக மடங்குவதில்லை. 1974 ஆகஸ்டில், எங்கள் ஆப்பிரிக்கத் துறைமுக ஊரான செகொண்டியில் இது எனக்கே நடந்தது.

தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அன்று மாலை 4.10. லாரி மைதானத்தில் ஆறு சிறுமிகள் ஆம்பே ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே நின்று கைதட்டிக் குதித்து, ஒரு காலை முன்னே நீட்டும் ஆட்டம். எட்டு வயது எக்குவாதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

“போடி தோத்தாங்குளி!” என்று எதிரில் நின்றவளைக் கேலி செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அராபா அக்கா, என்னை மட்டும் எடு!” என்றாள்.

பத்துப் படங்கள் எடுத்தேன்.

6.20. வீட்டு இருட்டறை. சிவப்பு விளக்கடியில் படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. எண்ணினேன்.

ஏழு சிறுமிகள்.

முதல் படத்தில் ஏழாமவள் தூரத்தில் நின்றாள். நான்காவதில் எக்குவாவின் முதுகுக்குப் பின்னால். ஏழாவதில் அவள் கை எக்குவாவின் பிடரியில். எக்குவாவோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவதில் எக்குவாவின் வாயெல்லாம் கறுப்பு.

ரத்தம்...

நான் கிளம்பியபோது அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லையே!

ஓடினேன். 6.35. இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“எக்குவா, வாடி இங்கே!”

“ஒரே ஒரு ஆட்டம், அக்கா!”

குதித்தாள்.

இறங்கவில்லை.

ஒரு நொடி... இரண்டு நொடி... அந்தரத்தில் தொங்கினாள்.

டொம்!

முகம் கல்லில் மோதியது. பற்கள் சிதறின. மறுபடி மேலே போனாள்.

டொம்!

பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். குளிர்ந்த சின்ன விரல்கள் என் மணிக்கட்டைப் பற்றின. முறுக்கின.

மளுக்...

அலறினேன். பிடியை விடவில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது.

எக்குவா பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா மான்சாவிடம் ஏழாவது படத்தைக் காட்டினேன். மான்சா படத்தில் மகளைப் பார்க்கவில்லை. ஏழாமவளைத்தான் பார்த்தாள்.

“அஜ்வா...” என்றாள்.

“யாருடி அது?”

“என்கூட ஆம்பே ஆடினவ, அக்கா. எங்களுக்கு அப்போ எட்டு வயசு. கள்ளாட்டம் ஆடினா. பிடரியப் பிடிச்சுக் கல்லுல மோதினேன். செத்துட்டா. தடுக்கி விழுந்தான்னு சொல்லிட்டோம்.”

“சொல்லிட்டோமா? வேற யாரு?”

“நான் மோதினப்போ அஜ்வா கையப் பிடிச்சுக்கிட்டவ. எஃபுவா.”

மறுநாள் எஃபுவாவைத் தேடிப் போனேன். வாசலில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. அவளுடைய ஒரே மகளைப் போன மாதம்தான் புதைத்திருந்தார்கள்.

ஆம்பே ஆடும்போது தடுக்கி விழுந்தாளாம்.