மூன்று வலைகள், நாற்பத்தைந்து மாதம்

தம்பையா பதினொரு வருடம் இறக்கக்கண்டி மீன்பிடிச் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஒருவன் மற்றவனின் கயிற்றை அறுத்தாலும், படகைச் சேதப்படுத்தினாலும் விசாரணை அவரிடம்தான் வரும். "செய்ததெல்லாத்தையும் கொட்டு. ஒருத்தரும் காணாததையும் சேத்துச் சொல்லு" என்பார். கொட்டியவனுக்கு எத்தனை குற்றமென்றாலும் ஒரே தண்டனை: ஒரு கிழமை, ஏழு நாளும், கடலுக்குப் போகக்கூடாது. ஒளித்தவனுக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒவ்வொரு கிழமை.

நீதிமன்றத்திலும் அதுதான் முறை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது என்று மகள் லக்சாயினி நினைக்கிறாள். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்சுற்றுகளைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவள். பழுது எங்கே தொடங்கியது என்று தேடுவது அவளது தொழில்.

தொடங்கியது சுருக்கு வலையில். மீனைக் கூட்டத்தோடு வளைத்து, குஞ்சும் மிஞ்சாமல் அள்ளும் வலை அது. அதைப் பாவிப்பதில்லை என்று தம்பையாவின் காலத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். அவர் பதவி விட்டதும் மூன்று பேர் அனுமதி எடுத்து வலை இறக்கினார்கள். அந்தப் பருவம் முழுவதும் தம்பையா வெறும் படகோடு திரும்பினார். ஒரு நாள் மத்தியானம், கரையில் காய்ந்துகொண்டிருந்த இராசதுரையின் வலையைக் கத்தியால் கிழித்தார். பத்து நாள் கழித்து சுலோஜனாவின் வலை. அடுத்த மாதம் நிலாவெளி அஸாமின் வலை. மூன்றாவதில் பிடிபட்டார்.

பொலிஸுக்குத் தெரிந்தது அஸாமின் வலை மட்டும். மற்ற இரண்டையும் தம்பையாவே சொன்னார். இராசதுரை, கடலில் ஓங்கில் என்கிற டொல்பின் கிழித்தது என்று நினைத்துப் பேசாமல் இருந்தவர். புருஷன் இல்லாமல் ஆள் வைத்துத் தொழில் செய்யும் சுலோஜனாவோ பக்கத்து வளவுக்காரனில் சந்தேகப்பட்டு வேலிக்கு மேலால் மண் அள்ளித் தூற்றியிருந்தாள். "அவன் பாவம், ஒண்டும் செய்யேல்லை" என்றார் தம்பையா. ஒரு வழக்கு மூன்று குற்றச்சாட்டாக வளர்ந்தது.

சட்டத்தரணி யுகேந்திரன் லக்சாயினியை இருத்தி விளக்கினார்.

"ஒவ்வொண்டுக்கும் பதினைஞ்சு மாசம் மட்டில வரும். மூண்டும் ஒரே எண்ணத்தின்ர தொடர்ச்சி எண்டு நீதவான் எடுத்தால், தண்டனை மூண்டும் ஒரே நேரத்தில ஓடும். வேற வேற நாள், வேற வேற ஆக்கள் எண்டு எடுத்தால் ஒண்டு முடியத்தான் மற்றது துவங்கும்."

சமாந்தரச் சுற்று, தொடர்ச் சுற்று. அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்றில் பதினைந்து, மற்றதில் நாற்பத்தைந்து. அப்பாவின் இதயம் கால்பங்குதான் வேலை செய்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் போனால் பெரிய காரியம் என்றும் சொல்லியிருந்தார். பதினைந்து மாதம் என்றால் வீட்டுக்கு வருவார். மற்றதென்றால் வரமாட்டார்.

தீர்ப்பு நாள் காலை, அப்பா கூண்டில் ஏறுமுன் அவர் காதருகே குனிந்தாள்.

"ஒரே யோசினையிலதான் செய்தனீங்களோ எண்டு கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, பிள்ளை."

"இண்டைக்குப் பழகுங்கோ."

"கொம்மாவைக் கேட்டுப் பார். அவ முப்பத்தெட்டு வருசமாப் பழக்கிப் பார்த்தவ" என்று சிரித்தார். பின்வரிசை வாங்கில் இருந்த தாய் இரத்தினேஸ்வரி சிரிக்கவில்லை.

யுகேந்திரன் நன்றாகத்தான் வாதாடினார். ஒரே கோபம், ஒரே வகை வலை, ஒரே கரை. முன்குற்றம் எதுவும் இல்லை, தானாகவே ஒப்புக்கொண்டவர், நோயாளி. நீதவான் எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டு தம்பையாவை நேரே கேட்டார். முதல் நாளே மூன்று வலையையும் வெட்டுவதென்று தீர்மானித்தீரா?

"இல்லை ஐயா. ஒவ்வொருக்காலும் வீட்டை போய், இனிச் செய்யப்படாது எண்டுதான் நினைச்சனான். பிறகு அடுத்த வலையைக் காண மனம் கேக்கேல்லை."

யுகேந்திரன் பேனையை மூடினார்.

நீதவான் குரலை உயர்த்தவில்லை. மூன்று நாட்கள், மூன்று உரிமையாளர்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்த முடிவு. சுலோஜனா ஒரு பருவத் தொழிலை முழுதாக இழந்திருக்கிறார். மூவரின் இழப்பையும் ஒரே தண்டனைக்குள் அடக்கினால் இருவரின் இழப்புக்குப் பதில் இல்லை. திருந்த நினைத்து மறுபடி செய்தவருக்குத் தண்டனையை ஒத்திவைக்கவும் இயலாது. பதினைந்து மாதங்கள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக. லக்சாயினி அதில் பிழை தேடினாள். அன்றும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் இருந்தது. பத்திரத்தை அவள் கம்பிக்கூடாக நீட்டினாள். தம்பையா பேனையைத் தொடவில்லை.

"அந்தாள் கேட்டது ஞாயமான கேள்வி. நான் சொன்னது உண்மை. இப்ப என்னத்தை எதிர்த்து எழுதப் போறாய்?"

"நீங்கள் உள்ளுக்கையே செத்துப் போவியள், அப்பா."

"ஓம்" என்றார்.

அதன்பின் அவள் மாதம் இரண்டு தடவை சிறைக்குப் போனாள். கால் வீங்கியது. பேச்சுக்கு நடுவே மூச்சுக்காக நிறுத்தினார். எத்தனை மாதம் போனது என்று ஒருநாளும் சொல்லமாட்டார். "இப்ப இராசதுரையின்ர வலைக்கு இருக்கிறன்" என்பார். பதினாறாம் மாதம், "இனி சுலோஜனாவின்ரை" என்றார். அன்று அவள் பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டாள்: மூன்று தண்டனையும் ஒன்றாக ஓடியிருந்தால் அப்பா இப்போது குசினி வாசலில் இருந்து, தேத்தண்ணியில் சீனி காணாது என்று அம்மாவோடு கொழுவிக்கொண்டிருப்பார்.

பத்தொன்பதாம் மாதம் சிறைச்சாலை வைத்தியசாலையில் இறந்தார். தொலைபேசி வந்தபோது அவள் பாரந்தூக்கியின் மேல் நின்றாள். இறங்க நெடுநேரம் பிடித்தது.

செத்த வீட்டுக்கு மூன்று பேரும் வந்தார்கள். இராசதுரை பந்தல்காலைப் பிடித்தபடி நின்றார். சுலோஜனா இரத்தினேஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அஸாம் கடைசியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, லக்சாயினியின் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"மகள், அவர் கிழிச்சது ஒரு பக்கம்தான். நான் அடுத்த கிழமையே வலையைப் பொத்தித் தைச்சுக் கடலுக்குப் போயிட்டன். கோட்டில ஒருத்தரும் என்னை அதைக் கேக்கல்ல."

அந்த வலைக்கான பதினைந்து மாதம் தொடங்கவேயில்லை என்று அவள் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.