ரிங் கட்

கண்டியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துத்தான் என் வயிற்றுப்பாடு நடக்கிறது. வினைச்சொற்களில் எனக்குப் பிடித்தது 'கட்'. அது எங்கிருந்து வந்ததென்று அகராதிக்காரருக்கே நிச்சயமில்லை. பழைய ஆங்கிலத்தில் வெட்டுவதற்கு வேறு சொற்கள் இருந்தனவாம். இது பிற்பாடு, ஒருவேளை வடகடலுக்கு அப்பாலிருந்து, வந்து ஒட்டிக்கொண்டதாம். கடல் தாண்டித் தோட்டத்துக்கு வந்த எங்கள் முன்னோரைப் போல, பிழைக்க வந்த சொல்தான்!

இங்கே வந்தும் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. மழை பெய்தால் கரண்ட் கட். மேட்ச் இருந்தால் கிளாஸ் கட். ஆனால் எந்த அகராதியும் சொல்லாத பொருள் ஒன்று மடுல்கெல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில், என் அம்மாவிடம் இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதுதான் அது.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலம். பஸ் ஏற்றிவிடும்போது அம்மா ஒன்றையே சொல்வார்.

"போய்ச் சேந்ததும் ஒரு ரிங் கட் குடு. மறந்துறாத."

ஹொஸ்டலுக்குப் போனதும் அம்மாவின் போனுக்கு அழைப்பேன். ஒருமுறை மணி அடித்ததும் வைத்துவிடுவேன். அங்கே எடுக்கவே கூடாது, எடுத்தால் காசு போய்விடும். சிக்னல் கிடைப்பது ஜன்னலோரம் மட்டும்தான் என்பதால், அம்மாவின் போன் ஒரு பொலித்தீன் பையில் ஜன்னல் ஆணியில் தொங்கும். அது ஒரு தடவை சிணுங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். அடுத்த வீட்டுச் சித்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது முகம் பார்த்தே பேசலாம். ஆனாலும் பயணம் என்றால் எங்களுக்கு ரிங் கட்தான். விட மனசு வரவில்லை.

போன மழைக்காலத்தில் அம்மா கண் கிளினிக்குக்காகக் கண்டிக்கு வந்தார். என்னோடு தங்கச் சொன்னால் கேட்கிற ஆளா? கண்ணில் மருந்து விட்ட கையோடு திரும்பிப் போக நின்றார். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "போனதும் ரிங் கட் குடுங்க" என்றேன். இப்போது காத்திருக்கும் முறை என்னுடையது.

பின்னேரம் போன் அடித்தது. அம்மாதான். கட் ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவில்லை, அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. 'பாவம், கண் மங்கலில் பொத்தான் தெரியவில்லை போல' என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினேன். போய்ச் சேர்ந்துவிட்டார், அது போதும்.

பாதிக் கோப்பை குடிப்பதற்குள் சித்தி போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒங்கம்மா இன்னும் வரலையே? வர்ற வழியில, பன்விலைக்கு மேல ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாமே."

அம்மாவுக்கு அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அந்த மழையில், மங்கின கண்ணோடு, எங்கே நிற்கிறாரோ? எதையோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். நானோ மரம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊரில் வேறு யாராவது இப்படிப் போன் அடிக்க அடிக்க எடுக்காமல் இருப்பார்களா?

இருட்டுகிற நேரம் போன் அடித்தது. முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டேன்.

"வந்துட்டேன்னுதானே ரிங் குடுத்தேன், எதுக்கு எடுத்த?" என்று அம்மா பாய்ந்தார். "காசு போகுதில்ல!"

"அப்ப மொதல்ல அடிச்சது?"

"அது பேசத்தான். பஸ்ஸு போகாது, கடையில குந்தியிருக்கேன், பயப்படாதன்னு சொல்லலாம்னு பாத்தேன். நீ எடுக்கல. பொறகு மத்த ஆளுகளோட சேத்தைத் தாண்டி, அங்கிட்டு ஒரு லொறியில வந்துட்டேன்."

"நம்ம வீட்டுலதான் எடுக்கக் கூடாதேம்மா" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

போன் வழியே லயத்துத் தகரத்தில் மழை கொட்டுவது கேட்டது.

"சரி, கட் பண்ணு" என்றார்.

"நீங்க பண்ணுங்க."

இரண்டு பேரும் பண்ணவில்லை. அம்மாதான் கேட்டார்.

"ஏதாச்சும் குடிச்சியா?"