கலெக்டருக்கு ஈயம் வைத்த குமாஸ்தா

1911-ம் வருஷம் ஜூன் மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலையில், தச்சநல்லூர் சிவசண்முகம் பிள்ளையிடம் நாற்பத்தொரு காட்டு மிருகங்கள் இருந்தன. புலி நான்கு, கரடி மூன்று, ஓநாய் இரண்டு, முதலை ஒன்று, பெயர் இவருக்கே தெரியாத கொம்புள்ள பிராணி ஒன்று, இப்படி. எல்லாம் ஈயத்தில் வார்த்து வர்ணம் தீட்டியவை. எதுவும் உள்ளங்கைக்கு மேல் பெரிதில்லை. ஜெர்மனியில் செய்து, கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் இறங்கி, மேலப்பாளையம் காஜா முகைதீன் கடைக்கு வந்து சேர்ந்த சரக்கு.

சிவசண்முகத்துக்கு அப்போது வயது முப்பத்தேழு. கொக்கிரகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் பதினாறு வருஷமாக நகல் குமாஸ்தா. மற்றவர்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் திருப்பி எழுதுவது வேலை.

மிருக ஆசை அவருக்குப் பயத்திலிருந்து வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு துரையின் முகாமோடு காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு பாபநாசம் மலைக்குப் போனபோது, பட்டப்பகலில் ஒரு கரடி பாதையின் குறுக்கே போயிற்று. அது இவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவருக்குப் பதினைந்து நாள் காய்ச்சல். தேறி எழுந்த பிறகு ஒருநாள் முகைதீன் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அதே கரடியைக் கண்டார். மயிர் மயிராகத் தெரிந்தது. நகம் தெரிந்தது. மூக்கில் ஈரம் இருப்பதுபோல ஒரு பளபளப்பு. எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கரடி உள்ளே போய்விட்டது. அன்றைக்குத்தான் அவர் நன்றாகத் தூங்கினார்.

ஆபீசில் தமக்கு மேலே இருந்த ஒவ்வொருவரிடமும் அவருக்கு அதே நடுக்கம் இருந்தது. அதற்கும் அதே வைத்தியத்தைச் செய்தார். மிருகங்களுக்கு உத்தியோகப் பெயர் வைத்தார். பெரிய புலி தாசில்தார். முதலை சர்க்கிள் இன்ஸ்பெக்டர். பிடரி சிலிர்த்து நின்ற சிங்கம் கலெக்டர். வீட்டுக்கு வந்ததும் மர அலமாரியைத் திறந்து, "தாசில்தார்வாள், கொஞ்சம் தள்ளி நில்லும்" என்று இரண்டு விரலால் நகர்த்துவார். மனைவி பிரம்மநாயகி அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எழுதப்படாத காரியம் நடக்காத காரியம் என்பது நகல் குமாஸ்தாக்களின் நம்பிக்கை. நாற்பத்தொரு மிருகங்களுக்கும் ஒரு நோட்டு இருந்தது. தேதி போட்டு, ஆபீஸ் நடையில் எழுதுவார். சர்க்கார் மசி மங்காது என்பதால் ஆபீசிலேயே எழுதி, மேஜை டிராயரிலேயே பூட்டி வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையை ரயில் பெட்டிக்குள் வைத்துச் சுட்டுவிட்டார்கள். சற்று நேரத்தில் துப்பாக்கிப் போலீஸ் வந்து, இருந்த இருப்பில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னது. திங்கட்கிழமை ஒவ்வொரு மேஜையும் சோதனை போடப்படும். அதுவரை ஒரு குஞ்சும் உள்ளே நுழையக் கூடாது.

பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் சிவசண்முகத்துக்கு நோட்டின் ஞாபகம் வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தாமிரபரணி ஓடியது. அவர் கண்ணுக்குத் தம் கையெழுத்துத்தான் தெரிந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வாரிய?" என்றாள் பிரம்மநாயகி.

"நாயகி, போன வாரம் நீ ஒட்டடை அடிக்கையில சிங்கம் விழுந்து கால் ஒடிஞ்சுதுல்லா?"

"அதான் முகைதீன் அண்ணாச்சி ஈயத்தை உருக்கிப் பத்த வச்சுக் குடுத்துட்டாகளே."

"அதை நோட்டுல எழுதியிருக்கேன்."

"என்னன்னு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "ஜூன் பதினாறு. கலெக்டருக்கு ஈயம் வைத்தாயிற்று. முகைதீன் உதவி."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நீங்களா? வீட்டுல பல்லியை விரட்டணும்னாலே நான்தான் வரணும்."

"பதினாறு நேத்தைக்கு நாயகி. துரையைச் சுட்டது இன்னைக்கு."

சிரிப்பு நின்றது. ஈயம் என்றால் துப்பாக்கிக் குண்டும்தான் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

"அந்தச் சிங்கத்தைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க."

"போட்டுட்டா, எந்தக் கலெக்டருக்குலே ஈயம் வச்சேன்னு கேக்கையில எதைக் காட்ட?"

"அப்ப கொண்டுபோய்க் காட்டுங்க."

"காட்டினா, துரையைப் பொம்மையாக்கி விளையாடினவன்னு வேலை போயிரும்."

"வேலை போனா எங்க அண்ணன் கடையில கணக்கு எழுதலாம். உங்களைத் தூக்குல போட்டா நான் எங்க போவேன்?"

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையம் போனார். நோட்டில் முகைதீன் பேரும் இருக்கிறதே, சொல்லாமல் இருக்க முடியுமா? முகைதீன் கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் பேரை ஏன்வே எழுதினீரு?"

"நீர்தானே பத்த வச்சீரு."

"செஞ்ச உதவியை வாயால சொன்னா போதாதா? எழுதித்தான் வைக்கணுமா? யா அல்லா! டவுனுல போலீசுக்காரன் ரெண்டு வீட்டுல புகுந்து, பெட்டியெல்லாம் கவுத்துப் பாத்திருக்கான். மளிகைச் சிட்டையைக்கூட ரகசியக் கடுதாசின்னு தூக்கிட்டுப் போயிட்டான். உம்ம நோட்டு கிடைச்சா விடுவானா?"

"நீர் கொழும்புக்குப் போயிரும்."

"போனா ஓடுதான்னு பிடிப்பான். இருந்தா இருக்கான்னு பிடிப்பான். எங்கவே போக?" முகைதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு செய்யும். சிங்கத்தை மடியில கட்டிட்டுப் போரும். கேட்டா காட்டும். என் ஈயப்பத்து எப்படிப்பட்டதுன்னு அவனும் பாக்கட்டும்."

திங்கட்கிழமை காலை அப்படியே போனார். இடுப்பில், வேட்டி மடிப்புக்குள், சிங்கம் குளிர்ந்து கிடந்தது. பிறகு அதுவும் வேர்வையில் சூடாயிற்று. குமாஸ்தாக்கள் பன்னிரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். வாசலில் இரண்டு, உள்ளே நான்கு துப்பாக்கிகள். வெளியூரிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு டிராயராகத் திறந்தார். வெற்றிலைப் பெட்டி, விபூதி மடல், ஒரு சீப்பு வாழைப்பழம். ஆறாவது மேஜை சிவசண்முகத்தினுடையது.

நோட்டைப் புரட்டிய இன்ஸ்பெக்டரின் விரல் ஓர் இடத்தில் நின்றது. பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல, உரக்க வாசித்தார்.

"கலெக்டருக்கு ஈயம் வைத்தாயிற்று. முகைதீன் உதவி. ஜூன் பதினாறு."

சுவரோரம் நின்ற பதினொரு பேரும் சிவசண்முகத்தைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்கள். ஹெட் குமாஸ்தா திருஞானசம்பந்தம் பிள்ளை மட்டும் முன்னால் வந்தார். பருத்த சரீரம், பேசுவதற்கு முன் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கம்.

"ஐயா, பதினாறு வருஷமா எனக்குக் கீழ வேலை பாக்குதான். பரம சாது. இவன் கையெழுத்துத்தான், ஆனா இவன் காரியமா இருக்காது. யாரோ எழுதினதை நகல் எடுத்திருப்பான்."

"நகல்னா அசல் எங்கவே?" என்றார் இன்ஸ்பெக்டர், சிவசண்முகத்தைப் பார்த்து. "எந்தக் கலெக்டர்? யார் அந்த முகைதீன்?"

சிவசண்முகத்துக்கு நாக்கு எழும்பவில்லை. பேச்சு வராதவன் செய்வதைச் செய்தார். வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார்.

கலெக்டர் சுடப்பட்ட மூன்றாம் நாள், போலீசுக்கு முன்னால், இடுப்புக்குள் கைவிட்டவர் திருநெல்வேலி ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அடுத்த கணம் அவர் தரையில் கிடந்தார். ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். இன்னொருவனின் துப்பாக்கிக் குழல் காதோரம் தொட்டது. இரும்பு அவ்வளவு குளிர்ச்சியாக இருக்குமென்று அவர் நினைத்ததில்லை. செத்தோம் என்றே முடிவு செய்துவிட்டார். சொல்ல முடிந்தது ஒன்றுதான்: "கலெக்டர்... கலெக்டர்..."

மடியிலிருந்து எகிறிய சிங்கம் கல் தரையில் விழுந்து, இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் வரை உருண்டது. முன்னங்கால் தனியாகக் கிடந்தது. ஒடிந்த இடத்தில் புது ஈயம் வெள்ளி மாதிரி மின்னியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து இரண்டையும் எடுத்தார். காலைச் சிங்கத்தில் பொருத்திப் பார்த்தார். நோட்டைத் திருப்பி, ஒரு வாரம் முந்திய வரியை வாசித்தார். "கலெக்டர் முன்னங்கால் ஒடிந்தது. பிடரி சேதமில்லை."

பிறகு சிங்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் கலெக்டரா?"

"ஆமாங்க ஐயா," என்றார் சிவசண்முகம், தரையிலிருந்தபடியே.

"எழுப்புலே அவனை."

சிவசண்முகம் எழுந்து நின்றார். உயிர் திரும்பி வந்ததுபோல ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் இன்ஸ்பெக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மூன்று நாளாகத் தூங்காத மனிதர். கொஞ்சம் வேடிக்கை அவருக்கும் தேவைப்பட்டது.

"தாசில்தார், வரி வரியாக வர்ணம் உரிகிறது. சர்க்கிள் இன்ஸ்பெக்டர்..." அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மனசுக்குள் வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனார். "ஹெட் குமாஸ்தா. நீர்யானை. வாய் திறந்தபடி. உள்ளே காலி."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. சிவசண்முகம் பையத் தலையைத் திருப்பினார். திருஞானசம்பந்தம் பிள்ளை வாயைத் திறந்து வைத்திருந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

நோட்டையும் சிங்கத்தையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிற்று. முகைதீனை ஒருதரம் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். ஜூலை மூன்றாம் தேதி முதல் சிவசண்முகம் பிள்ளை நாங்குநேரி தாலுகா ஆபீசுக்கு மாற்றப்பட்டார்.