ஹம்ஸாவின் காவேரி ஸ்நானம்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஹம்ஸாவுக்கு ரொம்ப நல்ல பெயர். ஒரு வருஷமாக, பனி மழை பாராமல், விடிவதற்கு முன்பே காவேரி ஸ்நானத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். ஈரத் தலையோடு திரும்பி வந்து தளிகை பண்ணி, பெருமாளுக்கு அமுது செய்வித்து, ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் அடுத்தவர் கணக்கில் பிழை பிடிக்கிறாள். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இவ்வளவு பக்தியா என்று தெருவே மெச்சிக்கொண்டது. கோயில் கோஷ்டியில் யாராவது இதை எடுத்துச் சொன்னால், அவள் கணவர் ரகுநந்தனுக்குத் தலைகால் புரியாது.

அந்த ஒரு வருஷத்தில் ஹம்ஸாவின் கால் காவேரியில் ஒரு தடவைகூட நனையவில்லை என்பதுதான் விஷயம்.

பையில் மேலாகச் சொம்பும் மாற்றுப் புடவையும் இருக்கும். அடியில் நீச்சல் உடை. ராஜகோபுரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவேரியைப் பாலத்தின் மேலேயே கடந்து, கண்டோன்மென்ட் பக்கம் இருக்கிற பெரியோர் நீச்சல் சங்கத்துக்குப் போய்விடுவாள். முழங்கால் வலிக்காக டாக்டர் சொல்லித் தொடங்கியது. வலி போய்விட்டது, ஆசை போகவில்லை. முகத்தைத் தண்ணீரில் புதைத்துக் கையை வீசிப் போகும்போது அவளை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. சின்ன வயசில்கூட அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

ரகுநந்தன் ஒன்றும் கொடுங்கோலர் இல்லை. தபால் ஆபீஸ் உத்தியோகம், சாது. ஆனால் நீச்சல் உடை என்று காதில் விழுந்தால் மூன்று நாள் பேசமாட்டார், நாலாம் நாள் வேண்டாம் என்பார் என்று ஹம்ஸா தானே தீர்மானித்துவிட்டாள். கேட்டால்தானே வேண்டாம் என்பார்? கோடையில் ஆறு வற்றியபோது படித்துறையில் ஷவர் வைத்தார்கள். ஆறு வற்றியும் ஈரத் தலைக்கு ஒரு சாக்குக் கிடைத்தது அவள் செய்த புண்ணியம். தலையில் ஏதோ மருந்து வாடை அடிக்கிறதே என்று ஒருநாள் அவர் கேட்டார். "படித்துறைல ப்ளீச்சிங் பவுடர் தெளிச்சிருக்கா" என்றாள். மனிதர் அதையும் நம்பினார். அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ஆடியில் வந்தது வினை. உறுப்பினராகத் தொடர வேண்டுமானால் வீட்டார் ஒருவர் நேரில் வந்து, இவர் நீந்துவதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சங்கம் புது விதி போட்டது. இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியோடு கெடு முடிகிறது. ஹம்ஸா இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அந்த ஞாயிறும் விடிந்தது. அன்றும் இருட்டில் கிளம்பிப் போய் நீந்திவிட்டுக் கரையேறினாள்.

சங்கத்தின் செயலாளரும் பயிற்சியாளருமான ஹாஜிரா எதிரில் வந்து நின்றாள். "ஹம்ஸாக்கா, சார் எங்க?"

"அவருக்கு நான் இங்க வரதே தெரியாதும்மா."

ஹாஜிரா கடிகாரத்தைப் பார்த்தாள். "காதும் காதும் வெச்ச மாதிரி ஒரு வருஷம் நீந்தியிருக்கீங்க. ஆனா உங்க இடத்துக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பத்து மணிக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது. போயி கூட்டிட்டு வாங்க."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஹம்ஸா பஸ் ஏறினாள். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் ஆட்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். இருட்டில் போகும்போது அவள் பார்க்காத காவேரி இப்போது செக்கச்செவேலென்று கரைக்குக் கரை ஓடியது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர்.

"படித்துறையெல்லாம் நேத்து சாயங்காலமே மூடிட்டாங்களே" என்றார் முன்சீட்டுக்காரர்.

ஹம்ஸா எழுந்து பஸ்ஸின் வாசற்படிக்கு வந்துவிட்டாள். ஸ்நானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். போனை வழக்கம்போல வீட்டிலேயே வைத்துவிட்டாள். படித்துறை இருக்கிற அம்மா மண்டபத்தில் பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கி ஓடினாள்.

படித்துறைக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு, மேலே அங்கவஸ்திரம்கூட இல்லாமல், ரகுநந்தன் கத்திக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை.

"சாமி, நேத்துலேருந்து ஒரு ஈ காக்காவ உள்ள விடல. உங்க வீட்டம்மா இங்க வரல, நம்புங்க" என்றார் போலீஸ்காரர்.

"உங்களுக்கு அவளைத் தெரியாது ஸார். ஸ்நானம் பண்றேன்னு சொன்னா பண்ணாம இருக்க மாட்டா. எப்படியாவது உள்ள போயிருப்பா. அவ பொய் சொல்றவ இல்லே."

அந்த வார்த்தை ஹம்ஸாவின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"ஏன்னா" என்று கூப்பிட்டாள்.

திரும்பினார். ஈரத் தலையைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் அவள் விரலைக்கூடத் தொடாத மனிதர், இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார். "எந்தப் படில இறங்கினே? பைத்தியமா உனக்கு?"

குழாயில் குளித்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நான் காவேரிக்கே வரலே. கண்டோன்மென்ட்ல நீச்சல் குளத்துக்குப் போயிட்டு வரேன். ஒரு வருஷமா அங்கதான் போறேன்."

போலீஸ்காரர் நாசூக்காகத் தள்ளிப் போய் நின்றார். ரகுநந்தன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைப் பாத்தா அவ்வளவு பயமா?" என்றார்.

"பயமெல்லாம் இல்லே. நீங்க வேண்டாம்னா நான் நிறுத்திடுவேன். எனக்கு நிறுத்த மனசில்லே. அதான் கேக்கலே."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹம்ஸாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், பரபரப்பு ஒரு பக்கம். துணிந்து கேட்டுவிட்டாள். "பத்து மணிக்குள்ள நீங்க வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா இன்னியோட சரி."

"இதைக் கேக்கற நேரமா இது?"

"வேற நேரம் இல்லே."

ரகுநந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, வேஷ்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஆட்டோ நின்றபோது மட்டும், "சந்து வழியாப் போக முடியாதா?" என்று டிரைவரைக் கேட்டார். ஹம்ஸாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்து மணிக்குச் சற்று முன்னால் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் உடை மாற்றி வந்ததும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, மதில் ஓரத்துத் தென்னையைப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் சடாரென்று திரும்பிவிட்டார். ஆழமான பக்கம் நோக்கி அவள் போய்க்கொண்டிருந்தாள். அவரும் கரையில் கூடவே நடந்தார். குனிந்து, அவளுக்கு எட்டுகிற மாதிரி ஒரு கையை நீட்டிக்கொண்டே நடந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

ஹாஜிரா விசில் ஊதினாள். "சார், தள்ளி நடங்க. நீங்க விழுந்தா அவங்கதான் உங்கள எடுக்கணும்."

அவர் காதில் அது ஏறவில்லை. ஹம்ஸா எதிர்ச்சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது அவர் கை அவளுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. முகமெல்லாம் வியர்வை.

ஹாஜிரா படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"வருஷா வருஷம் போடணுமா?" என்றார் ரகுநந்தன்.

"ஆமா சார். நேர்ல வந்து பாத்துப் போடணும்."

"அஞ்சு வருஷத்துக்குச் சேத்துப் போட்டுடறேனே. நடுவுல நான் ஏதாவது கோபத்துல முரண்டு பண்ணினா, இவ பாட்டுக்கு எங்கயோ போறேன்னு கிளம்பிடுவா. இன்னொரு தடவை இப்படித் தேடிண்டு ஓட என் உடம்புல தெம்பில்லே."

அப்படி விதி கிடையாது என்றாள் ஹாஜிரா.

"சரி, அடுத்த ஆடிக்கும் நானே வரேன்" என்று கையெழுத்தைப் போட்டார்.

தண்ணீரில் நின்று இதைக் கேட்ட ஹம்ஸா, யாரும் சொல்லாமலே திரும்பி, வந்த வழியே மறுபடி நீந்தத் தொடங்கினாள். ரகுநந்தன் படிவத்தை ஹாஜிராவிடம் கொடுத்துவிட்டு, பேனாவைக் கொடுக்க மறந்து, அவளுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.