ஃபிளாஸ்க்கில் வந்த காபி

காசாவின் தெய்ர் அல்-பலாவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் பேசுகிறார்களோ இல்லையோ, முதலில் இன்ஷிராவின் கடைக்கு வந்துவிடுவார்கள். மணப்பெண்ணுக்கு வெள்ளை கவுன் வாடகைக்கு விடும் கடை. கரண்ட் இருந்தால் தையல் மிஷின் ஓடும், போனால் கையூசி. பச்சைக் கொடிக்காரர்கள் வீட்டுப் பெண்ணும் அங்கேதான் வருவாள், மஞ்சள் கொடிக்காரர்கள் வீட்டுப் பெண்ணும் அங்கேதான். ஒரே கவுன் இந்த வியாழன் ஒரு கட்சியின் மேடையில் மின்னும், அடுத்த வியாழன் எதிர்க்கட்சியின் மேடையில்.

"போன வாரம் இதை யார் வீட்டுல போட்டாங்க?" என்று எந்தத் தாயாவது மூக்கைச் சுளித்தால் இன்ஷிரா விடமாட்டாள்.

"துவைச்சுத்தான் வச்சிருக்கேன். கட்சியெல்லாம் முதல் அலசல்லயே போயிடும். வியர்வைதான் போகாது. வயித்தை உள்ள இழு பொண்ணே."

வாய் அப்படி. ஆனால் கை சுத்தம். இடுப்பில் ஒரு மடிப்பைப் பிரித்து, தோளில் ஒரு மடிப்பைப் பிடித்து, யாரோ ஒருத்தியின் கவுனை இன்னொருத்தியின் கவுனாக்கிவிடுவாள்.

அவள் கணவன் ஃபாயிஸ் கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா. குமாஸ்தாவாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. இரண்டாயிரத்து ஏழில் இரண்டு கட்சிகளும் தெருவில் சுட்டுக்கொண்டு, காசா பச்சைக்காரர்கள் கைக்கும் மேற்குக் கரையின் ரமல்லா மஞ்சள்காரர்கள் கைக்கும் போனதும், ரமல்லாவிலிருந்து உத்தரவு வந்தது: காசாவில் நம் ஊழியர்கள் யாரும் வேலைக்குப் போகக் கூடாது, போனால் சம்பளம் கிடையாது, வீட்டில் இருந்தால் சம்பளம் வரும். ஃபாயிஸ் வீட்டில் இருந்தார். முதல் வருடம் தினமும் ஷேவ் செய்துகொண்டு உட்கார்ந்தார். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். அதன் பிறகு அவர் வீட்டில் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, ஜன்னலைக் கவனிக்காத மாதிரி.

அந்தச் சண்டையில்தான் மூத்தவன் விஸாம் போனான். இருபத்திரண்டு வயது, மஞ்சள்காரர்களின் பாதுகாப்புப் படையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யூனிஃபார்மைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தவனை ஈச்சந்தோப்பு ஓரத்தில் முகமூடிக்காரர்கள் நிறுத்தினார்கள். இரண்டு காலிலும் சுட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் போகவே பயமாக இருந்த நாட்கள் அவை. கொண்டு சேர்ப்பதற்குள் ரத்தம் போய்விட்டது. தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த இன்ஷிராவிடம் அவன் கடைசியாகச் சொன்னது: "நம்ம ஹாத்திம்தாம்மா. முகமூடி போட்டிருந்தான். குரல் தெரியாதா எனக்கு?"

ஹாத்திம் பின்தெரு. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இன்ஷிரா கையால் எத்தனையோ தடவை ரொட்டியும் ஸாத்தர் பொடியும் தின்றவன்.

போலீசுக்குப் போக முடியாது; போலீஸ் என்றால் இனி அவன்தான். நீலச் சட்டை போட்டுக்கொண்டு சந்தை வாசலில் நின்றான். ஆனால் ஒன்று. ஹாத்திம் வீட்டிலிருந்து சந்தைக்குப் போக நேர்வழி இன்ஷிராவின் கடை வாசல் வழியாகத்தான். அன்றிலிருந்து அவன் அந்த வழியில் வரவில்லை. தெரு மூலை வரைக்கும் வருவான், கடைப் பலகையைப் பார்ப்பான், திரும்பிக் கபர்ஸ்தானைச் சுற்றிக்கொண்டு போவான். மழையில், வெயிலில், நோன்பு திறக்கும் நேரத்து அவசரத்தில், முதுகில் குழந்தையைச் சுமந்துகொண்டு, எப்போதும் சுற்றுவழிதான்.

இன்ஷிரா கையில் ஊசியோடு பார்த்துக்கொண்டிருப்பாள். நீதிமன்றம் கொடுக்காததை, இரண்டு அரசுகளும் கொடுக்காததை, அந்த முதுகு அவளுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு தடவை திரும்பிப் போகும்போதும் 'நான்தான்' என்று அவன் சொல்வதாகவே எடுத்துக்கொண்டாள். அதை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டினாள்.

பிறகு கெய்ரோவில் இரண்டு கட்சித் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது முதல் தடவை இல்லை. ஆனால் இந்தத் தடவை, கட்சிச் சண்டையில் செத்தவர்களின் வீடுகளுக்கும் சமாதானம் செய்து வைப்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு குழு. குழுவில் பச்சையும் உண்டு, மஞ்சளும் உண்டு. செத்தவன் வீட்டுக்கு ரத்த ஈடாகப் பணம். அந்த வீடு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பழைய கணக்கு தீர்ந்தது.

"நாளைக்கு மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சு வர்றாங்க. ஹாஜி ஷஃபீக் தலைமையில," என்றார் ஃபாயிஸ், ரேடியோவின் பேட்டரியைக் கழற்றி மாட்டியபடி.

"ஹாத்திம் வர்றானா?"

"அவன் எதுக்கு?"

"அவன் எதுக்கா? அப்ப யாரை மன்னிக்கப் போறீங்க? தெருவையா?"

"பேரெல்லாம் சொல்றதில்லையாம். 'அன்றைய நிகழ்வுகளில்'னுதான் போடுவாங்களாம்."

"நிகழ்வுக்குக் குரல் உண்டா? எம்புள்ள கேட்டானே."

ஃபாயிஸ் பேட்டரியை மறுபடி கழற்றினார். "ரமல்லாவே சரின்னுடுச்சு இன்ஷிரா. நான் மாட்டேன்னா, எவனாவது என்னைப் பத்தி ரெண்டு வரி எழுதிப் போட்டா போதும், சம்பளம் நின்னுடும். அவனுக்குக் கீழ நாலு புள்ளைங்க இருக்கு."

"வீட்டுல உக்கார்றதுக்குச் சம்பளம்னீங்க, சரி. வாயை மூடிக்கிறதுக்கும் சேத்துத்தானா அது?"

அவர் பேட்டரியைச் சட்டையில் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்ஷிராவே இறங்கி வந்தாள்.

"நான் ஈடு வேண்டாங்கல. மன்னிக்க மாட்டேன்னும் சொல்லல. நம்ம பாட்டன் காலத்துலேருந்து எப்படி? கொன்னவன் வீட்டு ஆளுங்க வாசல்ல வந்து நின்னு, எங்க புள்ளைதான் செஞ்சான்னு சொல்லணும். அவன் வரட்டும். 'நான்தான்'னு ஒரு வார்த்தை. அது போதும். நானே கொட்டை வறுத்து இடிச்சுக் காபி போட்டுத் தர்றேன், நீங்களும் 'குடிங்க'ன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்த வார்த்தை உங்க வாயிலேருந்து வரக் கூடாது."

"சரி பாப்போம்," என்றார் ஃபாயிஸ். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கே சமாதானம் பேச வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. வந்து உட்காருவார்கள். வீட்டுக்காரர் சர்க்கரையில்லாத கசப்புக் காபியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார். வாங்கியவர் வாயில் வைக்காமல் முன்னால் வைப்பார். வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரர் 'குடிங்க' என்றால் கேட்டது கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டால் காபி ஆறிப்போகும், வந்தவர்கள் தலைகுனிந்து எழுந்து போக வேண்டும். எல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. அந்தக் காபி எந்த அடுப்பில் கொதிக்கிறது? தன் அடுப்பில். இரவெல்லாம் யோசித்து இன்ஷிரா கண்டுபிடித்தது இதுதான்: காபியே இல்லையென்றால் எதை முன்னால் வைத்துக் கேட்பார்கள்?

மறுநாள் இரண்டு கார்கள் வந்தன. இறங்கும்போதே ஒரே சிரிப்பு. பச்சைக்காரர் ஒருவர் மஞ்சள்காரர் ஒருவரின் தோளில் கைபோட்டிருந்தார்.

"எங்க பையன் உங்க ஜெயில்ல இருந்தப்ப இளைச்சுட்டான்யா."

"உங்க ஜெயில்ல எனக்குத் தொப்பை வச்சுதே, அதைச் சொல்ல மாட்டீங்களே."

அடுக்களையில் இன்ஷிராவுக்கு எல்லாம் கேட்டது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. காபி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரவேற்பறையில் சலாம், நலம் விசாரிப்பு, மழையைப் பற்றி, பிறகு மறுபடி நலம் விசாரிப்பு. பேச்சு ஓய்ந்தது. யாரோ இருமினார்.

ஃபாயிஸ் உள்ளே வந்தார். "என்ன இது? அடுப்பு ஏன் பத்தல?"

"ஹாத்திம் வந்துட்டானா?"

"மானத்தை வாங்காதடி. ஊரே உக்காந்திருக்கு."

"உக்காரட்டும். நீங்க உக்காரலையா பத்து வருஷமா?"

டப்பாவைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. இரண்டு கிழடுகள் சத்தம் வராமல் ஒரு டப்பாவுக்கு மல்லுக்கட்டினார்கள். அப்போது வரவேற்பறையிலிருந்து ஹாஜி ஷஃபீக்கின் குரல், தேன் தடவின குரல், கேட்டது.

"ஃபாயிஸு, உள்ள சிரமப்படுத்தாதீங்க. நாங்களே கொண்டாந்திருக்கோம். தம்பி, காருலேருந்து அதை எடுத்து வா."

பம்ப் வைத்த பெரிய ஃபிளாஸ்க். காகிதக் கப்பில் அது சர்சர்ரென்று பீய்ச்சும் சத்தம் வந்தது. யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மூணாவது வீட்டுக்கு அப்புறம் எப்பவும் இப்படித்தான் கையோட எடுத்துட்டு வர்றோம். எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க அடுப்பை அணைச்சுப்புடறாங்க."

இன்ஷிராவின் கை தளர்ந்தது. இரவெல்லாம் விழித்துக் கண்டுபிடித்ததை எத்தனையோ பேர் தனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துத் தோற்றுப்போயிருக்கிறார்கள். டப்பா இப்போது ஃபாயிஸின் கையில் இருந்தது. அதற்கு இனி வேலை இல்லை. மேடை மேல் வைத்துவிட்டு அவர் போனார்.

ஹாஜி ஷஃபீக் நீளமாகப் பேசினார். தேசம், முற்றுகை, ஒரே உடம்பு, இரண்டு கைகள். விஸாம் தேசத்தின் தியாகி என்றார். யார் தியாகியாக்கியது என்று சொல்லவில்லை. பேச்சை முடித்துத் தன் கப்பை முன்னால் தள்ளி வைத்தார். கதவின் இந்தப் பக்கம் இன்ஷிரா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சொல்லாதே. சொல்லாதே. இந்த ஒரு தடவை வாயைத் திறக்காதே, வீட்டில் உட்கார்ந்த மாதிரி சும்மா இரு.

"குடிங்க," என்றார் ஃபாயிஸ்.

உறிஞ்சும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

அவர்கள் போன பிறகு கப்புகளைப் பொறுக்கப் போனாள். ஒன்றின் அடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். சர்க்கரை போட்டிருந்தார்கள்.

மண்டபத்தில் பெரிய விழா நடந்தது. இரண்டு நிறக் கொடிகளும் ஒரே கம்பியில் தொங்கின. ஃபாயிஸ் போனார், ஷேவ் செய்துகொண்டு. இன்ஷிரா போகவில்லை. வந்த ஈட்டில் வீட்டுக்கு மேல் ஒரு தளம் எழும்பியது, இரண்டாவது மகனுக்காக. அந்தப் படியில் அவள் இன்றுவரை ஏறியதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கெய்ரோ சமாச்சாரம் புளித்துப்போனது. மறுபடி ரமல்லா ஒருபக்கம், காசா ஒருபக்கம். ரமல்லாவிலிருந்து வந்த பிரதமரின் காருக்குக் குண்டு வைத்தது நீ, இல்லை நீ. காசாவில் உள்ளவர்களின் சம்பளத்தில் ரமல்லா கைவைத்தது. ஃபாயிஸுக்கும் பாதி வெட்டு. குழு கலைந்தது. மஞ்சள்காரர்கள் சிலர் இப்போது ஃபாயிஸைப் பார்த்து, "பச்சைக்காரன் கூட உக்காந்து காபி குடிச்சவருல்ல நீங்க," என்று பல்லைக் கடித்தார்கள். தலைவர்கள் செய்த சமாதானம் எல்லாம் முறிந்தது. ஃபாயிஸ் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் முறியவில்லை. அது மரபுப்படி சொல்லப்பட்டது. திரும்ப வாங்க வழி இல்லை.

அது அவளுக்கு ஒரு வியாழன் முற்பகலில் முழுசாகப் புரிந்தது. உள்ளே ஒரு மணப்பெண் பாதி ஊசி குத்திய கவுனில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊசியோடு நூல் எடுக்க வாசல் பக்கம் வந்த இன்ஷிரா தலையைத் தூக்கினாள். தெரு மூலையில் ஹாத்திம். பலகையைப் பார்த்தான். திரும்பவில்லை. நேராக வந்தான்.

நெற்றி ஏறியிருந்தது, உடம்பு போட்டிருந்தான். வாசலுக்கு நேரே வந்ததும் நெஞ்சில் கைவைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், விஸாம் அம்மா," என்றான். சின்ன வயதில் கூப்பிட்ட அதே மாதிரி.

இன்ஷிரா பதில் சலாம் சொல்லவில்லை. "சுத்திப் போ," என்றாள்.

"என்னம்மா?"

"எப்பவும் போற வழியில போ."

அவன் சங்கடமாகச் சிரித்தான். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சேம்மா. உங்க வீட்டுப் பெரியவரே முடிச்சு வச்சுட்டாரு. ஊரே சாட்சி."

"எது முடிஞ்சுது? சொல்லு. நீ என்ன செஞ்சே, எது முடிஞ்சுது?"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் உதடு அசைந்தது. அவள் ஊசியை இறுக்கிப் பிடித்தாள். பத்து வருடம் முதுகால் சொன்னதை வாயால் சொல்லிவிடுவான் என்றே நினைத்தாள்.

"அந்த நிகழ்வுகள்தாம்மா," என்றான். "அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும். எல்லாருக்கும் நஷ்டம்தான்."

ஊசி அவள் கட்டைவிரலில் ஏறியிருந்தது. ரத்தம் கவுனில் பட்டுவிடக் கூடாது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் பக்கத்து ஃபலாஃபில் கடையில் போய் நின்றான். கடைக்காரரின் மனைவி, ஸுஹைலின் அம்மா, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்ததும் இந்தப் பக்கம் தலையை நீட்டி மெல்லச் சொன்னாள்:

"சலாத்துக்குப் பதில் சொல்லியிருக்கலாம் விஸாம் அம்மா. காபி குடிச்சாச்சுல்ல. இனி தப்பு உங்க பக்கம்னு ஆயிடும்."

"ஆயிடுச்சு," என்றாள் இன்ஷிரா.

உள்ளேயிருந்து மணப்பெண் கூப்பிட்டாள்: "கால் மரத்துப் போச்சு, எவ்வளவு நேரம்?"

"அசையாம நில்லு. வர்றேன்."

அவள் உடனே போகவில்லை. ஹாத்திம் அவசரமே இல்லாமல் தின்றான். இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டான். கடைக்காரரிடம் ஏதோ ஜோக் சொன்னான், அவரும் சிரித்தார். தின்று முடித்து, காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே, இன்ஷிராவின் கடை வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனான்.