காக்கிச் சட்டை இரண்டு

மேடை அமைப்பும் உடை வடிவமைப்பும் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னால் ‘டெய்லரிங்கா?’ என்பார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் ஆமாம் என்று சொல்லப் பழகியிருந்தேன். தஞ்சாவூரில் நாடகம் படித்த இரண்டாம் வருடம், எங்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு வைத்தார்கள். கடையில் வாங்கிய புதுச் சட்டையை, ஒரே ஆள் பத்து வருடம் போட்டு உழைத்த சட்டையாக மாற்ற வேண்டும். அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கூடுதல் மதிப்பெண்.

அசலுக்கு நான் அலையவில்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பாவின் காக்கிச் சட்டை இருந்தது. அப்பா நெல் அறுப்பு மெஷின் ஓட்டியவர். ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் மெஷினோடு ஆந்திராவுக்குப் போனார். மெஷின் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. போகிற அன்று கழற்றிப் போட்ட சட்டையை அம்மா துவைக்காமலே மடித்து வைத்திருந்தாள். அந்தத் தை அமாவாசையோடு எல்லாவற்றையும் முடித்துவிட, அப்பாவின் தங்கையான என் அத்தை அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். திருவையாற்றுப் படித்துறையில் காரியம் செய்து, சட்டையை ஆற்றில் விட்டுவிடுவது என்று பேச்சு. எனக்கு நிம்மதியாக இருந்தது. காத்துக்கொண்டே இருக்கும் ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியம் இல்லை.

பொங்கலுக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லாமல் சட்டையை விடுதிக்கு எடுத்து வந்தேன். அமாவாசைக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்ற துணிச்சல்தான்.

அதே மாதிரி காக்கியில் ஒரு சட்டை வாங்கினேன். காலரை உப்புத்தாளால் தேய்த்தேன், டீத்தண்ணீரில் முக்கினேன், ஈரத்தோடு பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டேன். அப்பாவின் சட்டையில் மூன்றாவது பொத்தானை அம்மா நீல நூலில் தைத்திருந்தாள்; நானும் அப்படியே தைத்தேன். டீசல், கிரீஸ், நெல் சுணை எல்லாம் சேர்த்தும் சட்டைக்குள் ஆள் வரவில்லை. வேர்வை வேண்டியிருந்தது. நானே அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உச்சிப் பொழுதில் விடுதி மாடிப்படியில் ஏறி இறங்கினேன். தை வெயில் ஒப்புக்கு அடிக்கும், வேர்ப்பதற்கு ஓடத்தான் வேண்டும்.

இரண்டாம் நாளே என் இடது தோள் தாழ்ந்துவிட்டது. லீவரைப் பிடித்துப் பிடித்து அப்பாவுக்கு அப்படித்தான் தாழ்ந்திருக்கும். நிமிர்த்தினால் நிமிரும், மறந்தால் மறுபடி இறங்கும். மூன்றாம் நாள் அறைத்தோழி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“மாடியில யாரோ ஆம்பள நிக்கிறாருடி. வார்டன்கிட்ட சொல்லணும்.”

நான் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாடிக் கொடியில் சட்டை மட்டும்தான் காய்ந்துகொண்டிருந்தது.

“அது என் சட்டைடி.”

“சட்டை எப்படி என்னைத் திரும்பிப் பாக்கும்?”

அப்புறம் அவள் மாடிக்கு வரவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தனியாகப் போகப் பயமாகத்தான் இருந்தது. வேறு ஒருத்தியைக் கூட்டிப்போய் எடுத்து வந்தேன்.

தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு சட்டையையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, “இதுல எதும்மா அசல்?” என்றார். இரண்டிலும் அப்பா இருந்தார். தடுமாறியதைக் காட்டிக்கொள்ளாமல் இடது பக்கத்தைக் காட்டினேன். வித்தியாசமே தெரியவில்லை என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் முதல் மதிப்பெண். செய்த சட்டை துறைக்குத்தான் என்ற விதிப்படி மற்ற சட்டையைத் துறையின் உடை அறையில் கொடுத்துவிட்டு, நான் காட்டியதை ஊருக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் அமாவாசை. விடிந்ததும் அத்தை வேனோடு வந்துவிட்டாள். அம்மா பெட்டியைத் திறந்து சட்டையைக் கடைசி முறையாக முகத்தில் வைத்தாள். அப்படியே நின்றாள்.

“அண்ணி, நேரமாவுது. ஐயர் காத்துக்கிட்டிருப்பாரு.”

“மார்கழியில எடுத்தப்ப வெறும் பெட்டி வாசனைதான் இருந்துச்சு” என்றாள் அம்மா. “இது புது வேர்வை. அவரு வேர்வை. வந்து போட்டுக்கிட்டுப் போயிருக்காரு. நான் காரியத்துக்கு வரல, நீங்க போங்க.”

சட்டையை மாற்றிக் கொண்டுவந்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. கொல்லைப்பக்கம் போய் உடை அறைக்குப் போன் செய்தேன். “அந்தக் காக்கியா? நேத்தே சோடா போட்டு அவிச்சுத் துவைச்சாச்சும்மா, அடுத்த நாடகத்துக்கு” என்றார் அங்கிருந்தவர்.

உள்ளே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சட்டையை எடுத்தது, மாறிப்போனது, படியில் ஓடியது, எல்லாவற்றையும்.

“அந்த வேர்வை என்னோடதும்மா.”

“போடி பைத்தியம்” என்றாள். “வேர்வையக்கூடவா செய்யச் சொல்லித் தருவாங்க?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.